சாயாத வண்டி

மூன்று வருஷமாக ஜீவிதா எங்கே போனாலும் ருக்ஸாரின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் போனாள். இருவரும் காந்திகிராமத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவிகள். ருக்ஸாருக்கு இயற்பியல், ஜீவிதாவுக்குச் சமூகவியல், விடுதியில் ஒரே அறை. ஆறு வயதில் டிராக்டரிலிருந்து விழுந்ததில் ஜீவிதாவின் இடது கால் இளைத்துப் போனது. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டிக்கொண்டு நடப்பாள். நடப்பதில் அவளுக்குப் பெரிய சிரமமில்லை. பஸ் படிதான் சிரமம். அதுவும், நிறுத்தியும் நிறுத்தாமலும் உறுமிக்கொண்டே நிற்கும் பஸ்ஸின் படி.

அந்தப் பங்குனி மாதம் பேராசிரியை மணிமேகலை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நேராகவே கேட்டார்.

"ருக்ஸார் முப்பதாம் தேதி கோயம்புத்தூர் கிளம்புறா. அவளுக்கு வேலை கிடைச்சாச்சு. உன் நூத்தி இருபது வீட்டுக்கு உன்னை யார் கூட்டிட்டுப் போவா?"

"நானே போயிக்குவேனுங்க மேடம்."

"எப்படி?"

ஜீவிதாவின் ஆராய்ச்சி எரியோட்டைச் சுற்றியிருக்கும் பன்னிரண்டு சிற்றூர்களில். தாத்தா என்ன வேலை பார்த்தார், அப்பா என்ன, பிள்ளை என்ன என்று வீடு வீடாகக் கேட்டு, மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பம் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது. சமூக நகர்வு என்று பெயர். நகர்வைப் பற்றி எழுதப் போகிறவள் நகர வேண்டுமே! பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் மண்பாதை.

"கலெக்டர் ஆபீஸ்ல குடுத்த வண்டி இருக்குதுங்க" என்றாள். பின்னால் ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். ஒரு மாதமாக விடுதி வேப்பமரத்தடியில் போர்வை போர்த்தி நின்றது. எல்.எல்.ஆர். எடுத்திருந்தாள், ஓட்டத்தான் இல்லை.

மணிமேகலை கொஞ்சம் யோசித்தார். "சரி. மாசம் முடியறதுக்குள்ள லைசென்ஸ் எடுத்து, நீயே ஓட்டிட்டுப் போய், பத்து வீட்டுப் படிவம் நிரப்பிக் கொண்டா. கொண்டு வந்தா களத்துக்குப் போ. முடியலைன்னா அரசாங்கப் புள்ளிவிவரத்தை வெச்சு மேசையிலேயே எழுதிடு. அதுவும் ஆராய்ச்சிதான்."

அதுவும் ஆராய்ச்சிதான். ஆனால் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, "உங்க தாத்தா பேரு என்னங்க?" என்று ஆரம்பிக்கிற சுகம் மேசையில் இல்லை. அதற்காகத்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள்.

"நான் கத்துக் குடுக்கறேன்" என்று ருக்ஸார் குதித்தாள். "ஒன்பது வருஷமா ஓட்டுறேன். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?"

அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் வற்றிக் கிடந்த குளத்தில் பயிற்சி. தரை வெடித்து, கெட்டியாக, சிமெண்ட் போட்ட மாதிரி இருந்தது. மெதுவாக ஓட்டும்போது எல்லாம் சரியாக வந்தது. ருக்ஸார் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, "சாய்! உடம்பை விடு! இடுப்பைச் சாய்!" என்று கத்துவாள். சாய்வதற்கு ஜீவிதாவுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மூன்று வருஷம் பின்னால் உட்கார்ந்து, ருக்ஸார் சாய்ந்த பக்கமெல்லாம் தானும் சாய்ந்து, ஹேண்டிலைத் தொடாமலேயே உடம்பு பாதி வண்டி ஓட்டக் கற்றிருந்தது.

பதினெட்டாம் தேதி திண்டுக்கல்லில் டெஸ்ட். பிரேக் இன்ஸ்பெக்டர் பொறுமையான மனிதர். சிவப்புக் கூம்புகளைச் சுற்றி எட்டுப் போடச் சொன்னார். ஜீவிதா ஆமை மாதிரி ஊர்ந்தாள்.

"கொஞ்சம் வேகமா போட்டுக் காட்டும்மா. ரோட்டுல இப்படிப் போனா பின்னாடி வர்றவன் தூங்கிருவான்."

அவள் முறுக்கினாள். வளைவு வந்தது. இடுப்பைச் சாய்த்தாள், வண்டி தன்பாட்டில் வளைந்துகொள்ளும் என்று நம்பி. வண்டி வளையவில்லை. முதல் கூம்பு போனது, இரண்டாவது போனது. வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஒருவர் டீ டம்ளரோடு மதில்மேல் ஏறிவிட்டார். மரத்துக்கு இரண்டடி முன்னால் பிரேக் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் நிதானமாக நடந்து வந்தார். "எட்டுப் போடச் சொன்னா ஒண்ணு போடுறியேம்மா. இருபத்தஞ்சாம் தேதி வா."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. திரும்பி வரும்போது ருக்ஸாரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்துகொண்டே ஜீவிதா சொன்னாள்: "சாஞ்சேன்டி. சத்தியமா சாஞ்சேன்."

"பத்தாது போல. நாளைக்கு நான் ஓட்டிக் காட்டறேன். பார்த்து அப்படியே பண்ணு."

மறுநாள் சாயங்காலம் ருக்ஸார் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்த மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஏறினாள். குளத்தின் நடுவில் ஒரு கல்லை வைத்து, அதற்கு இடது பக்கமாகத் திரும்பிக் காட்டுவதாகச் சொன்னாள். சொன்னபடியே வேகமாக வந்தாள். வண்டி வலது பக்கம் போனது. அவள் முகத்தில் ஒரு பெரிய ஆச்சரியம். ஹேண்டிலை இன்னும் அழுத்தினாள். வண்டி இன்னும் வலது பக்கம் போனது. குளத்துக்குக் குறுக்காகக் கீரை ஏற்றிய ஒரு மூன்று சக்கர மிதிவண்டி வந்துகொண்டிருந்தது. கல்லைத் தவிர அந்தக் குளத்தில் இருந்த ஒரே பொருள் அதுதான். ருக்ஸார் அதைத் தேடிப் போனவள் மாதிரி நேரே போய் முட்டினாள்.

பெரிய மோதல் இல்லை. ஆனால் அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் ருக்ஸாரின் மடியில்.

"ஏத்தா! கண்ணு எங்கிட்டு இருக்கு?" வண்டிக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். சின்னாளப்பட்டித் தெருக்களில் கீரை விற்கும் முத்துப்பேச்சி. "இம்புட்டுப் பெரிய குளம் காலியாக் கெடக்கு. உனக்கு எங்கீரைதான் கெடச்சுச்சா?"

"அக்கா, நான் இடது பக்கம்தான் திருப்பினேன்!"

"திருப்புனியா? நான் பாத்துக்கிட்டுத்தான வாரேன். நீ எங்க திருப்புன, ஒரு பக்கமாப் படுத்துல்ல கெடந்த! இதை ஏன் படுக்க வைக்கப் பாக்குற? மூணு சக்கரம் படுக்காது ஆத்தா. கழுத்தைப் பிடிச்சுத் திருப்புனாத்தான் திரும்பும்." தன் மிதிவண்டியின் ஹேண்டிலைப் பிடித்து இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் ஒடித்துக் காட்டினாள். "நான் ரெண்டு சக்கரம் ஓட்டுனதே இல்ல. ஏறுனா விழுந்துருவேன். நேரா இதுதான். அதனால எனக்கு உன்னைய மாதிரி வியாதி இல்ல."

ருக்ஸார் கீரையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிபட்டுவிட்டதோ என்று ஜீவிதா பதறி வந்தாள். அடி எதுவும் இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கீரைத்தண்டை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தப் பார்த்தாள். அது தொய்ந்தது.

"துடைப்பக்குச்சி நினைச்சுக்கோ" என்றாள். "உள்ளங்கையில நட்டமா நிறுத்தியிருக்கேன். அதை இடது பக்கம் கொண்டு போகணும். கையை எந்தப் பக்கம் முதல்ல நகர்த்துவே?"

ஜீவிதா மனசுக்குள் நிறுத்திப் பார்த்தாள். கையை இடது பக்கம் இழுத்தால் குச்சி வலது பக்கம் விழும். "வலது பக்கம்" என்றாள் மெதுவாக. "வலது பக்கம் ஒரு துளி நகர்த்தினா குச்சி இடது பக்கம் சாயும். அப்புறம் அது பின்னாலயே கையைக் கொண்டு போகலாம்."

"அதேதான்! ஸ்கூட்டியும் அதே குச்சிதான். இடது பக்கம் வளையணும்னா, என் கை ஹேண்டிலை ஒரு மயிரிழை வலது பக்கம் திருப்புது. கீழ சக்கரம் வலது பக்கம் விலகுது, மேல நான் இடது பக்கம் சாயறேன், அப்புறம்தான் வண்டி இடது பக்கம் வளையுது. மெதுவாப் போறப்ப இது தேவைப்படாது, வேகம் வந்தா இது இல்லாம முடியாது. ஒன்பது வருஷமா என் கை எனக்கே தெரியாம இந்த வேலையைப் பண்ணிட்டு இருக்குடி! இந்த வண்டி சாயாது. அதனால வலது பக்கம் திருப்பினா, பாவம், அது சொன்னபடி வலது பக்கம் போயிடுது."

"படிச்ச புள்ளையா நீ?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"ஆமாக்கா."

"அதான்."

ருக்ஸார் விழுந்து விழுந்து சிரித்தாள். தனக்குத் தெரியாதது ஒன்று தெரிந்துபோனால் அவளுக்கு அப்படித்தான், ஐஸ் கிடைத்த குழந்தை மாதிரி.

காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்தால் போதுமா? இடுப்புக்குத் தெரிய வேண்டுமே. ஜீவிதாவின் கைகளுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை. அது நல்லதாகப் போயிற்று. இடுப்பு மட்டும், வளைவைக் கண்டதும் தன்னால் சாய்ந்தது. அது சாய்ந்ததும் கை சும்மா இருந்துவிட்டது, வேலை முடிந்த மாதிரி.

வாரா வாரம் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் ரோசலினிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கோணம் அளக்கும் கருவியை ஜீவிதாவின் இடுப்பு மூட்டில் வைத்து, மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதிவருபவர். மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது என்பதுதான் அவருக்கு நகர்வு. "ஆறு மாசமா இந்த இடுப்பு அசைய மாட்டேங்குதுன்னு நான் மெழுகுவத்தி ஏத்தாத குறை. இப்பத்தான் எட்டு டிகிரி கூடியிருக்கு. அதுக்குள்ள அசையாம இருக்க வழி கேக்கறியா? போ, நான் சொல்ல மாட்டேன்." அப்புறம் சிரித்துவிட்டு, "பின்னால ஆடாத ஆள் யாரையாவது உக்காத்தி வெச்சு ஓட்டு. பின்னால இருக்கற உடம்பு பண்றதை முன்னால இருக்கற உடம்பு கேட்டுக்கும். நீ ருக்ஸார் பின்னால உக்காந்து கத்துக்கிட்ட மாதிரி" என்றார்.

ஆடாத ஆள் என்றால் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒருத்திதான்.

முத்துப்பேச்சி கீரை விற்று முடித்து, சாயங்காலம் வெறும் வண்டியோடு குளத்துக்கு வந்தாள். மிதிவண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு ஜீவிதாவின் பின்னால் ஏறி, அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்தாள். ஜீவிதாவின் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். கீரைக்கட்டுக் கட்டிக் கட்டி உரமேறிய கை. "அசைஞ்ச, கிள்ளிருவேன்."

முதல் நாள் பதினோரு கிள்ளு. இரண்டாம் நாள் நான்கு.

மூன்றாம் நாள் ஜீவிதாவுக்கு ஓட்டிக்கொண்டே பேச வந்தது. பேச்சு என்றால் அவளுக்கு ஒரே பேச்சுதான். "அக்கா, உங்கப்பா என்ன வேலை பார்த்தாருங்க?"

"கரும்பு வெட்டு. எரியோட்டுலேருந்து கெளம்புனா மதுரை, தேனி, கரூருன்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவாரு. அவரு கால் படாத ஊரு இல்ல."

"அவங்கப்பா?"

"அவரும் கூலிதான்."

ஜீவிதா மனதுக்குள் படிவத்தை நிரப்பினாள். தாத்தா கூலி, அப்பா கூலி. நகர்வு: இல்லை. வண்டியை நிறுத்திவிட்டாள்.

"என்னடி?" என்று ருக்ஸார் கரையிலிருந்து கத்தினாள்.

"மூணு மாவட்டம் நடந்த மனுஷன், என் படிவத்துல நகரவே இல்லைடி. அக்கா சின்னாளப்பட்டியைத் தாண்டறதில்ல. ஆனா சொந்த வண்டி, சொந்த வியாபாரம், பொண்ணு நர்சிங் படிக்குது. அக்கா ரெண்டு படி நகர்ந்துட்டாங்க."

ருக்ஸார் எழுந்து வந்தாள். அவள் முகத்தில் அந்த ஐஸ் வெளிச்சம். "எங்க ஆளும் அப்படித்தான். எலக்ட்ரான். கம்பிக்குள்ள அது கண்மண் தெரியாம ஓடும். ஆனா இங்க முட்டி அங்க திரும்பி, அங்க முட்டி இங்க திரும்பி, மொத்தத்துல ஒரு பக்கமா அது போய்ச் சேர்றது நத்தை வேகம்கூட இல்ல. நான் அஞ்சு வருஷமா அளக்கறது அது எவ்வளவு ஓடுதுன்னு இல்ல. ஒரு தள்ளு தள்ளினா, அந்தத் தள்ளுக்கு எவ்வளவு முன்னால போகுதுன்னு. முட்டறதுக்கு நடுவுல நிறைய இருந்தா கொஞ்சம்தான் போகும். சுத்தமான பொருளா இருந்தா அதே தள்ளுக்கு ரொம்ப தூரம் போகும்."

முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப எங்கப்பன் கரண்டுக் கம்பிக்குள்ளதான் இருந்திருக்காரு."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் முத்துப்பேச்சி தானாகவே சொன்னாள்: "வேடசந்தூரு பக்கம் மில்லுல ஆள் எடுத்தாங்க. எங்கப்பனும் போனாரு. நல்ல உடம்பு, வேலைக்காரரு. எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட்டு கேட்டாங்க. அவரு அஞ்சு. திரும்பி வந்து அருவாளை எடுத்துக்கிட்டாரு. வேற ஒண்ணும் இல்ல. அந்த ஒரு கடுதாசிதான் முட்டுச்சு."

அன்றிரவு சாப்பிடப் போகும் முன் ஜீவிதா படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி சேர்த்தாள். 'போக நினைத்து, எது தடுத்து நின்றீர்கள்?' தாளை நிமிர்த்திப் பிடித்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள். அதுவரை இருந்த முப்பத்திரண்டு கேள்விகளையும்விட அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இருபத்தைந்தாம் தேதி அதே மைதானம், அதே இன்ஸ்பெக்டர். ஜீவிதாவைப் பார்த்ததும் மரத்தடி வரிசையைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்றார். போன வாரத்து டீ டம்ளர்க்காரர் முன்னெச்சரிக்கையாக மதில்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜீவிதா முறுக்கினாள். வளைவு வந்தது. பின்னால் யாரும் இல்லை, ஆனாலும் இடுப்பின் இரண்டு பக்கமும் அந்தக் கை இருப்பது போல இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையால் வண்டியின் கழுத்தைத் திருப்பினாள். வண்டி எருமைக்கன்று மாதிரி, சொன்ன பக்கம் திரும்பியது. ஒரு சுற்று, நடுவில் குறுக்கே, மறு சுற்று. கூம்புகள் நின்ற இடத்தில் நின்றன. சந்தோஷத்தில் நிறுத்த மறந்து, கேட்காமலே இரண்டாவது எட்டும் போட்டுவிட்டாள்.

"போதும்மா, பதினாறு ஆச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். மதில்மேலிருந்தவர் டம்ளரை உயர்த்திக் காட்டினார்.

லைசென்ஸ் கைக்கு வந்து, இருபத்தெட்டாம் தேதி காலையில் கிளம்பினாள். கோயம்புத்தூர் போகும் முன் ஒருதரமாவது பின்னால் உட்கார வேண்டும் என்று ருக்ஸார் அடம்பிடித்து ஏறிக்கொண்டாள். திண்டுக்கல்லைத் தாண்டி, இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டங்கள் வர ஆரம்பித்ததும் சாலை வளைந்தது. பின்னால் ருக்ஸார் சாய்ந்தாள்.

"சாயாதடி!"

"பழக்கம்டி! தன்னால வருது!"

"கிள்ளுவேன். அக்காகிட்டச் சொல்லிக் கிள்ள வைப்பேன்."

அடுத்த வளைவில் ருக்ஸார் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த வளைவில் மறந்து சாய்ந்தாள். மெயின் ரோடு முடிந்தது. பஸ் திரும்பிப் போகிற இடம் அது. ஜீவிதா அங்கே ஒரு கணம்கூட நிற்கவில்லை. மண்பாதையில் இறங்கி, புழுதி கிளப்பிக்கொண்டு போனாள்.

முதல் வீடு முத்துப்பேச்சியின் அண்ணன் ஈஸ்வரன் வீடு. தங்கச்சி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போல. ஈஸ்வரன் வெளியே வந்து முதலில் வண்டியைத்தான் சுற்றிப் பார்த்தார். "கீரையில முட்டுனது எந்தப் புள்ள?" என்றார். ஜீவிதா திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலைப் பின்னால் காட்டினாள்.

மோர் வந்தது. படிவத்தைத் தொடையில் விரித்து, "உங்க தாத்தா பேரு என்னங்க?" என்று ஆரம்பித்தாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது ஈஸ்வரன் பதில் சொல்லாமல் உள்ளே போனார். கோபமோ என்று அவள் பயந்தாள். அவர் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். அதற்குள் அப்பாவின் ஐந்தாம் வகுப்புச் சர்டிபிகேட் இருந்தது. "இதைக் கேட்டு வர இம்புட்டு வருஷம் ஆச்சா?" என்று சிரித்தார். அன்றைக்குப் பத்து வீடு என்று போனவள் பதின்மூன்று படிவங்களோடுதான் திரும்பினாள். பையில் நான்கு கட்டு முருங்கைக்காயும் சேர்ந்துகொண்டது.

மணிமேகலைக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "கடைசியா ஒரு கேள்வி புதுசா இருக்குன்னு சொன்னியே, அதை எல்லார்கிட்டயும் கேட்டியா?" என்றார்.

"பதிமூணு பேர்கிட்டயும் கேட்டேனுங்க."

"அப்ப மிச்சம் நூத்தி ஏழு. திங்கக்கிழமையே கிளம்பு."

பொழுது சாயும் நேரத்தில் ஜீவிதா ருக்ஸாரை பேகம்பூரில் அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக, இறக்கிவிட்டது ஜீவிதா. வாசலுக்கு வந்த ருக்ஸாரின் அத்தா முதலில் தன் மகளை ஓட்டுகிற இடத்தில் தேடினார். பிறகு பின்னால் கண்டுபிடித்து, "வாம்மா ஜீவிதா" என்று வாய் நிறையச் சிரித்தார்.

ருக்ஸார் இறங்கியதும், முன்னமே வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்த தன் பழைய ஸ்கூட்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்தாள். நாளை மறுநாள் அதையும் லாரியில் கோயம்புத்தூருக்கு ஏற்ற வேண்டும். நிமிர்ந்து, அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்து கிளம்பினாள். தெருமுனை வளைவில் ஸ்கூட்டி திரும்ப மறுத்து, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துப் போனது. கடைசி நொடியில் காலை ஊன்றி நிறுத்தினாள்.

"சாயுடி!" என்று ஜீவிதா தன் வண்டியில் உட்கார்ந்தபடியே, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "உடம்பை விடு! இடுப்பைச் சாய்!"